மூன்று விரல் சாய்வு

இடது கையை நீட்டு என்றான் காசிம். நீலமேகம் நீட்டினான். அந்தக் கை நீட்டினால் போய்க்கொண்டே இருக்கும். கடவுள் அதைச் செய்துகொண்டிருந்தபோது யாரோ வந்து பேச்சுக் கொடுத்திருக்க வேண்டும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மறந்துவிட்டார். காசிம் துணிச்சுருளைப் பிரித்து அதன் நுனியில் இருந்த வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் முதல் சுற்றைப் போட்டான். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கேலரிக்கு அடியில் சாமான் போட்டுவைக்கும் அறை அது. சுருட்டி வைத்த கபடி விரிப்புகள், கால் உடைந்த டேபிள் டென்னிஸ் மேசை, நீலமேகத்தின் முதுகுக்குப் பின்னால் பூட்டில்லாத ஓர் இரும்பு பீரோ, எல்லாவற்றுக்கும் மேலே ரப்பரும் தைலமும் கலந்த வாடை. தலைக்கு மேல் பலகையில் ஜனங்கள் காலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தாறு கிலோக்காரர்கள் மேடையில் இருந்தார்கள். அது முடிந்ததும் கனத்த எடைக் குத்துச்சண்டைக்காரர்களின் இறுதிச் சுற்று. இந்தப் பக்கம் ராயபுரம் நீலமேகம், வயது முப்பத்தாறு, உயரம் ஆறடி நாலு. அந்தப் பக்கம் தூத்துக்குடி இளம்பரிதி, வயது இருபத்துமூன்று, உயரம் ஐந்தடி எட்டு. இரண்டு கையும் கட்டி முடிக்கப் பதினைந்து நிமிஷம் ஆகும், காசிம் எந்தக் காலத்திலும் அவசரப்பட்டதில்லை. கட்டி முடித்ததும் அவன் ஈ ஓட்டுவான். நீலமேகத்துக்கு அதுதான் பயம். வலது கண்ணை மூடி இடது கண்ணால் மட்டும் பார்த்தான். திரை அங்கேயேதான் இருந்தது.

திரை என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். ஒன்பது நாளுக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது இடது ஓரத்தில் பளிச் பளிச்சென்று பொறி பறந்தது, யாரோ வெல்டிங் வைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான், அங்கே ஒரு தர்ப்பூசணிக் கடைதான் இருந்தது. மறுநாள் கருப்பாகப் புள்ளிகள் மிதந்தன, கொசு என்று நினைத்துக் கையை வீசினான். மூன்றாம் நாள் காலை, பல் தேய்க்கும்போது வலது கண்ணில் பேஸ்ட் நுரை பட்டு அதை மூடிக்கொண்டான், கண்ணாடியில் அவனுடைய இடது காதைக் காணோம். காதும் தோளும் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சாம்பல் நிறத்தில் துணி போட்டு மூடியிருந்தார்கள். இரண்டு கண்ணையும் திறந்தால் ஓரளவு சரியாகிவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்றே சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டே மார்க்கெட் பக்கம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனான். கடையில் இருந்த பெண் இயந்திரத்தில் அவன் தாடையை வைக்கச் சொன்னாள், அந்த இயந்திரத்துக்கு அவன் முதுகை இரண்டாக மடிக்க வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். சார், இது கண்ணாடி போட்டு சரியாகிறது இல்ல சார், உள்ள இருக்கற சவ்வு கழண்டுகினு வருதுன்னு நினைக்கறேன், இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, அதுவரைக்கும் தலையில அடி கிடி பட்டுறக் கூடாது என்றாள். பட்டா என்னம்மா ஆகும்? மொத்தமா போயிடும் சார், அப்பறம் யாராலயும் கொண்டுவர முடியாது. என்ன வேலை சார் பண்றீங்க? துறைமுகத்துல கேட்டுல காவலுக்கு நிக்கறேம்மா என்றான் நீலமேகம். அதுவும் பொய் இல்லை. அடியெல்லாம் எனக்குப் படாதும்மா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே வந்து, இடது பக்கமாக வந்த சைக்கிள் ஒன்றின் மேல் மோதிக்கொண்டான். இன்று காலை எடை பார்த்துவிட்டு நாடி பிடித்த டாக்டர் இரண்டு கண்ணிலும் ஒரு விநாடி டார்ச் அடித்துவிட்டு, இந்த உடம்புக்கு என்னய்யா கேடு என்று முதுகில் தட்டிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே தொங்கும் துணி அந்த ஒரு விநாடியில் தெரியாது போலிருக்கிறது.

ஈ ஓட்டுவது என்றால் மற்ற இடங்களில் வியாபாரம் இல்லாமல் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பது. இவர்களுடைய கிளப்பில் அது வேறு. சண்டைக்குப் போகிறவனுக்குக் கைக்கட்டு போட்டு முடித்த ஆள், பேசிக்கொண்டே இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல், பக்கவாட்டிலிருந்து அவன் முகத்தை நோக்கிக் கையை விசிறுவான். தொட மாட்டான், ஒரு விரற்கடை தள்ளி நிறுத்திவிடுவான். ஆள் அசைந்தால், முழிச்சிட்டான் என்று சொல்லி க்ளவுஸை மாட்டுவார்கள். யார் ஆரம்பித்ததோ தெரியாது, ஆனால் அந்தக் கிளப்பில் ஈ ஓட்டாமல் யாரும் மேடை ஏறியதில்லை. அதில் வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொருவனும் தன் உடம்புக்கு வாய்த்தபடிதான் அசைவான். குட்டையான ஆள் முழங்காலை மடக்கித் தலையைக் கீழே கொண்டுபோவான், ஏனென்றால் சின்ன வயதிலிருந்து அவனுக்கு அடி மேலிருந்துதான் வந்திருக்கிறது. கழுத்துப் பருத்தவன் அசையவே மாட்டான், நெற்றியைக் கொடுப்பான், அப்படிக் கொடுத்துக் கொடுத்தே நாற்பது வயதில் அவனுக்குப் பேச்சுக் குழறும். காசிம் மாதிரி எதுவுமே வாய்க்காதவர்கள், உயரமும் இல்லாமல் கழுத்தும் இல்லாமல் வேகமும் இல்லாமல், இரண்டு கையையும் கன்னத்துக்குத் தூக்குவார்கள். பாவம், அவர்கள்தான் உண்மையில் எதையாவது கற்றுக்கொண்டவர்கள். நீலமேகம் பின்னால் சாய்வான். தோள் அசையாது, கால் அசையாது, இடுப்புக்கு மேலே உடம்பு மட்டும் மூன்று விரல் பின்னால் போய், அடி காற்றில் கரைந்ததும் திரும்பி வந்து நிற்கும். பதினைந்து வயதில் கிளப்பில் சேர்ந்த முதல் நாளே அப்படித்தான் சாய்ந்தான், யாரும் சொல்லித்தரவில்லை. அதே நாளில் அதே தெருவிலிருந்து சேர்ந்தவன் காசிம். காசிமின் மூக்கு இரண்டு தடவை உடைந்தது, வலது காது வாடிப்போன பூ மாதிரி மடங்கிக் கிடக்கிறது. நீலமேகத்தின் மூக்கு இருபத்தொரு வருஷமாகப் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையின் மூக்காகவே இருக்கிறது.

கை விரியட்டும், என்றான் காசிம். விரல்களை அகட்டினான். துணி விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து திரும்பியது. இந்த இடது கைக்குக் கிளப்பில் கேட்டு என்று பெயர். கேட்டைப் போடு என்று மூலையிலிருந்து காசிம் கத்துவான், அவன் இடது கையை நீட்டி எதிராளியின் நெற்றிக்கு முன்னால் சும்மா பிடித்துக்கொள்வான், அடிக்கக்கூட மாட்டான், அதைத் தாண்டி யாராலும் வர முடியாது. வேலையும் கேட்டில், சண்டையும் கேட்டில் என்று அவனைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. பாக்ஸிங் தெரிந்த ஒருவர் ஒரு முறை பத்திரிகையில் அவனுடைய தடுப்பாட்டக் கலை என்று அரைப் பக்கம் எழுதினார், அவன் மனைவி கௌசல்யா அதை வெட்டி வீட்டு பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள், ஒவ்வொரு முறை சட்டை எடுக்கும்போதும் கலை என்ற சொல் அவனைப் பார்க்கும், அவன் பார்வையைத் திருப்பிக்கொள்வான். கலையா அது? அடி வரும்போது அவன் அங்கே இருப்பதில்லை, அவ்வளவுதான். நீளமான கை, நீளமான முதுகு, எதிராளியின் வலது தோள் லேசாக அசைந்தாலே பிடித்துக்கொள்கிற ஓர் இடது கண். இந்த மூன்றும் அம்மா வயிற்றிலிருந்து வந்தவை, அவன் சம்பாதித்தவை இல்லை. கையைத் தூக்கு, கன்னத்தை மூடு என்று ஆரம்பத்தில் எல்லோரும் கரடியாகக் கத்தினார்கள். எதற்குத் தூக்க வேண்டும்? ஒரு வருஷம் கத்தினார்கள், ஒருவனாலும் அவனைத் தொட முடியவில்லை என்றதும் விட்டுவிட்டார்கள். அப்போது எவனாவது ஒருவன் நன்றாக ஒன்று விட்டிருந்தால் தேவலையே. ஒரே ஒரு அடி, மூக்கில், பதினாறு வயதில். இன்றைக்குக் கையைத் தூக்கத் தெரிந்திருக்கும்.

இந்த ஒன்பது நாளில் தூக்கிப் பார்க்காமல் இல்லை. கேட் ரூமில் ஆள் இல்லாத நேரம், சுவரில் மாட்டிய சின்னக் கண்ணாடிக்கு முன்னால், இரண்டு முஷ்டியையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றான். முப்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் புடவை கட்டிப் பார்ப்பவன் மாதிரி கூச்சமாக இருந்தது. காசிம் கையை மடக்கினால் முழங்கை விலாவில் போய் உட்கார்ந்துகொள்ளும், வயிறு கன்னம் எல்லாம் ஒரே மூடியில் மூடிவிடும். இவனுடைய கையை மடக்கினால் முழங்கை இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது, விலா ரெண்டும் வாருங்கள் வாருங்கள் என்று திறந்து கிடந்தது. சரி, கீழே குனியலாம் என்று குனிந்தால் ஆறடி நாலில் எவ்வளவு குனிவது, குனிந்த இடத்தில் இளம்பரிதியின் கை நேராக இருக்கும். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், பெரிய உடம்புக்காரர்கள் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள், ஆனால் அவன் யாரையும் அவ்வளவு கிட்டே விட்டதே இல்லை, அடுத்தவன் வியர்வை தன் மேல் பட்டாலே உடம்பு கூசும். எந்தப் பக்கம் போனாலும் இந்த உடம்பு தன் பழைய வழியிலேயே கொண்டுவந்து விட்டது. சாய். சாய்வதற்குத் தெரிய வேண்டும். தெரிவதற்குத்தான் கண் இல்லை. இதையே கூட்டிக் கழித்து நூறு தடவை யோசித்தாயிற்று, கேட்டைத் திறக்கும்போது, மூடும்போது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது. நூறு தடவையும் இதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

இன்னாடா கம்முனு கீற, என்றான் காசிம். இடது கை முடிந்து பட்டைப் பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து மணிக்கட்டில் ஒட்டினான். பயமா?

பயமா, எனக்கா? என்றான் நீலமேகம். அந்தப் பையனைப் பாத்தியா, காத்தால?

பாத்தேன். கழுத்தே இல்லடா அவனுக்கு. தோள் மேல தலைய வெச்சி அமுக்குன மாரி கீறான். குனிஞ்சிகினே வருவான். உனுக்குப் பெரிய ரோதனை என்னான்னா நீ கீழ பாத்து அடிக்கணும். அவன் வலது கை நேரா வராது, வெளியால சுத்திகினு வரும். நீ எதுக்கு ரோசனை பண்ணப் போற, தோளைப் பாப்ப, சாய்வ. அந்தக் கையைக் குடு.

வெளியால சுத்திகினு வரும். இந்த மூன்று சொற்களும் வாய்க்குள் போய்விட்ட தலைமுடி மாதிரி மாட்டிக்கொண்டன, துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வலது கையால் சுற்றி வரும் அடி அவனுடைய இடது பக்கத்தில்தான் வந்து இறங்கும். சாம்பல் துணிக்குப் பின்னாலிருந்து வரும். காலையில் எடை பார்க்கும் இடத்தில் இளம்பரிதி ஓடி வந்து குனிந்து, அண்ணே, நான் ஸ்கூல்ல படிக்கும்போதே உங்க பைட்டுப் பாத்துருக்கேன்ணே, உங்கள மாரி சாயணும்னு பாத்தேன், நமக்கு இருக்கிற உசரத்துக்கு வரலண்ணே என்று வெள்ளையாகச் சிரித்தான். நல்ல பையன். அந்தப் பையன் தெரியாமல் ஒரு கண்ணைப் பறித்துக்கொண்டு போவான், பிறகு அது தெரிந்தால் ஆயுசுக்கும் தூக்கம் வராது அவனுக்கு. சொல்லிவிடேன் என்று ஒரு குரல். சொன்னால்? சொன்னால் நாளையிலிருந்து கேட்டு என்பது வெறும் கேட்டுதான், லாரி வந்தால் தூக்க வேண்டியது, போனால் இறக்க வேண்டியது. அது பரவாயில்லை. சோறு அதில்தான் வருகிறது. ஆனால் யாராலும் தொட முடியாத ஆள் என்று ஒருவன் இருந்தானே, அவன் போய்விடுவான். அவனைத் தவிர நீலமேகத்திடம் வேறு என்ன இருக்கிறது? இது கடைசி என்று எல்லோருக்கும் தெரியும், ஜெயித்தாலும் தோற்றாலும் இதோடு சரி. கடைசி ஒன்பது நிமிஷம். மூன்று மூன்று நிமிஷமாக மூன்று சுற்று. இருபத்தொரு வருஷம் ஏமாற்றியவனுக்கு ஒன்பது நிமிஷம் ஏமாற்ற முடியாதா என்ன.

வலது கைக் கட்டைவிரலில் வளையம் ஏறியது. உள்ளங்கையைச் சுற்றி ஒன்று, இரண்டு. இடது கண்ணைக் கசக்க வேண்டும் போல் இருந்தது, கட்டிய கையை முகத்துக்குக் கொண்டுபோனால் காசிம் பார்ப்பான், வேண்டாம். கசக்கினால் திரை விலகிவிடும் என்று இன்னமும் உள்ளே ஒரு முட்டாள் நம்பிக்கை. கௌசல்யா ஒரு முறை சொன்னாள், அவள் அப்பா செத்துப்போய் மூன்றாம் நாள், வாசலில் எல்லோரும் போன பிறகு அவள் வந்து இவன் மார்பில் தலையைச் சாய்க்கப் பார்த்தாள், இவன் பின்னால் சாய்ந்தான். வேண்டுமென்று இல்லை. ஏதோ ஒன்று முகத்தை நோக்கி வந்தது, உடம்பு விலகிவிட்டது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். உன்னப் புடிக்கணும்னா எனக்கும் ஆறடிக் கை வோணும்யா என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், போய்க் காபி போட்டாள். பத்து வருஷக் கல்யாணத்தில் அவன் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை, எதற்கும் எதிரே நின்றதும் இல்லை. வீட்டில் என்ன வந்தாலும் மூன்று விரல் பின்னால் போய், அது கடந்த பிறகு திரும்பி வந்தான். தங்கமான மனுஷன் என்று தெருவில் பெயர். தங்கமாவது ஒன்றாவது. பயந்தாங்கொள்ளி, நீலமேகம், நீ சுத்தமான பயந்தாங்கொள்ளி, உனக்குக் கை நீளமாக இருந்ததால் அது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

மகள் மதிவதனியை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான், அதனால் அவளையே நினைத்துக்கொண்டிருந்தான். எட்டு வயது. அவளுக்கும் அவனுக்கும் ஒரு விளையாட்டு, அவள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து. எந்த நேரமும், எந்தப் பக்கத்திலிருந்தும் வந்து அவன் மூக்கைத் தொட வேண்டும். தொட்டால் கேட்டது கிடைக்கும். அவன் சாப்பிடும்போது வருவாள், பேப்பர் படிக்கும்போது வருவாள், தூங்குகிறான் என்று பூனை மாதிரி வருவாள். ஒரு முறைகூடத் தொட்டதில்லை. விட்டுக்கொடுங்களேன் குழந்தைக்கு என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிப் பார்த்தார்கள், அவனால் முடியாது, உடம்பு போய்விடும். அவளுக்கும் அதுதான் பெருமை, எங்கப்பாவ யாருமே தொட முடியாது என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிடுவாள். முந்தாநாள் சாயங்காலம் அவன் டீவி பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கமாக வந்திருக்கிறாள். மூக்கில் குளிர்ச்சியாக ஒரு சின்ன விரல். அவன் திடுக்கிட்டு, தொட்ட பிறகு சாய்ந்தான். அவள் ஹோ என்று கத்தினாள், கையைத் தட்டிக் குதித்தாள், ரெண்டு குதி, மூன்றாவது குதியில் நின்றுவிட்டாள். அப்பா, நீயா உட்டுட்டியா? ஆமா கண்ணு, அப்பாதான் உட்டுட்டேன், இன்னா வோணும் கேளு. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை மெல்ல உயர்த்தி அவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரல்களை ஆட்டினாள் போலிருக்கிறது, போலிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், அவன் பார்க்கவில்லை. அவள் முகம் மாறியதைத்தான் பார்த்தான். எதையும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் அவனுடைய இடது பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள், நேற்றும் அப்படித்தான், இன்று காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தெருமுனை வரைக்கும் இடது பக்கமாகவே நடந்து வந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. எட்டு வயதுக் குழந்தை அவனுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அதை நினைத்ததும் நீலமேகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

துணி தீர்ந்துகொண்டு வந்தது. விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று, பெருவிரலுக்கு அடியில் ஒன்று, மறுபடி மணிக்கட்டு. மேலே கூட்டம் ஓவென்று கத்தியது, மணி அடித்தது, எண்பத்தாறு கிலோ முடிந்துவிட்டது. இனி நேரம் இல்லை. யோசி. காசிம் எதிரே உட்கார்ந்திருக்கிறான், அவன் வலது கைக்காரன், அவன் கை இடது பக்கத்தில்தான் வரும், சுற்றித்தான் வரும். வருவது தெரியாது. ஆனால் எப்போது வரும் என்று தெரியும்! அதை அவன் முந்தாநாள் ராத்திரியே கண்டுபிடித்துவிட்டான், கண்டுபிடித்து ஒரு திருட்டுச் சந்தோஷம்கூடப் பட்டான். காசிமுக்கு ஒரு பழக்கம். கடைசிப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, இறுக்கமா கீதா என்று கேட்பான். கேட்டு, பதிலுக்கு வாயைத் திறக்கும் அந்தக் கணத்தில் கையை வீசுவான். இவனுக்குக் கை கட்ட ஆரம்பித்த பதினெட்டு வருஷமாக ஒரு தடவைகூட மாறியதில்லை. அப்படியானால் கண் எதற்கு? காது போதும். இறுக்கமா கீதா என்றதும் சாய்ந்துவிட வேண்டியது. முழிச்சிட்டான் என்பான், க்ளவுஸ் மாட்டுவான், படியேற வேண்டியதுதான். அங்கே மேலே? மேலே இளம்பரிதி கேள்வி கேட்டுவிட்டு அடிக்க மாட்டானே. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் காசிம். நீலமேகம் உடம்பைத் தளர்த்தினான், பார்வையைக் காசிமின் தோளில் வைத்தான், வழக்கமான அலட்சியத்தை முகத்தில் கொண்டுவந்தான். பிளாஸ்திரி கிழிபடும் ஓசை. ஒட்டுகிற விரல்கள். இப்போது.

இறுக்கமா கீதா? என்றான் காசிம்.

நீலமேகம் சாய்ந்தான். அழகான சாய்வு. தோள் அசையவில்லை, கால் அசையவில்லை, இடுப்புக்கு மேலே மட்டும் மூன்று விரல். பயத்தில் ஒரு விரல் கூடப் போய்விட்டது, பின்மண்டை இரும்பு பீரோவில் டங்கென்று மோதியது. அடி காற்றில் கரைவதற்காகக் காத்திருந்தான். காற்று வரவில்லை. குனிந்து பார்த்தான். காசிமின் இரண்டு கைகளும் அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன, இடது கை அடியில், வலது கை மேலே, பெருவிரல் பிளாஸ்திரியின் ஓரத்தை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. ஓரம் ஒட்டாமல் நின்றிருக்கிறது. அவன் உண்மையாகவே கேட்டிருக்கிறான்.

நா இன்னும் ஈ ஓட்டலடா, என்றான் காசிம்.

நீலமேகம் சிரித்தான், அல்லது சிரிப்பதற்காக வாயை அகட்டினான். காசிம் சிரிக்கவில்லை. உடைந்த மூக்கும் மடங்கிய காதுமாக அந்த முகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்தொரு வருஷமாக அந்த முகம் எதிரே இருக்கிறது, எத்தனை ஆயிரம் தடவை அந்த முகத்துக்குக் கேட்டைப் போட்டு நிறுத்தியிருக்கிறான். ஏதோ நடந்துகொண்டிருந்தது, என்ன என்று தெரியவில்லை, காசிமின் வலது கை மணிக்கட்டில் இல்லை, அது எங்கே போயிற்று என்று தேடுவதற்குள் இடது கன்னத்தின் மேட்டில், கண்ணுக்குப் பக்கத்தில், சொரசொரப்பான ஒரு விரல் மெல்ல வந்து உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது. மதிவதனியின் விரல் குளிர்ச்சியாக இருந்தது, இது சூடாக, தைலம் மணத்துக்கொண்டு இருந்தது. இந்தத் தடவை அவன் தொட்ட பிறகும் சாயவில்லை.

எத்தினி நாளா?

ஒம்போது.

கௌசல்யாவுக்குத் தெரியுமா?

தெரியாது. பாப்பாவுக்குத் தெரியும். அவ மூக்கைத் தொட்டுட்டா.

காசிம் விரலை எடுக்கவில்லை. அடேய் என்றான். பிறகு, அந்தப் பையனோட வலது வரும்போது இன்னா பண்லாம்னு இருந்த?

முன்னாலயே சாஞ்சுக்கலாம்னு.

இப்ப சாஞ்சியே, அத்த மாரியா?

வெளியே மைக்கில் அவன் பெயரை அழைத்தார்கள். ராயபுரம் நீலமேகம் என்றார்கள், அவனுடைய உயரத்தைச் சொன்னார்கள், எந்த ஊரில் எந்த வருஷம் ஜெயித்தான் என்று ஒரு பட்டியல் சொன்னார்கள், பலகைகள் அதிர்ந்தன, தூசி அவர்கள் இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. க்ளவுஸ் ஜோடி காசிமின் காலடியில் கிடந்தது. காசிம் அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. நா யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன், மேகம், என்றான். மாட்டுன்னா மாட்றேன். நீயா சொல்லணும்.

இதுவும் ஓர் அடிதான், நேராக வருகிறது, நன்றாகத் தெரிகிறது. உடம்பு பழக்கப்படி பின்னால் போகப் பார்த்தது, முதுகு பீரோவில் இடித்தது, அதற்குமேல் இடம் இல்லை. மாட்டு என்று சொல்லிவிட்டால் போதும். மாட்டு. ஒரே சொல். நாக்கின் நுனியில் இருந்தது. நினைவில் இளம்பரிதி வெள்ளையாகச் சிரித்தான். தெருமுனையில் இடது பக்கத்தில் நின்று மதிவதனி கையாட்டினாள், அவளைப் பார்க்க அவன் முழுதாகத் திரும்ப வேண்டியிருந்தது, அவன் திரும்புகிற வரைக்கும் அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். இன்று சாயங்காலமும் அங்கேயே வந்து நிற்பாள். எந்தப் பக்கமாக அவள் நடக்க வேண்டும் என்று இனி வாழ்நாள் முழுக்க அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இவன் இங்கே உட்கார்ந்து முடிவு செய்துகொண்டிருக்கிறான். மைக் இரண்டாவது முறை கூப்பிட்டது.

நீலமேகம் இடது கையை நீட்டினான். அத்தனை நீளக் கை, யாரையும் கிட்டே விடாத கை, கட்டு முழுதாக, வெள்ளையாக, பிசிறில்லாமல் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காசிமின் மடியில் வைத்தான். கையோடு உடம்பும் முன்னால் போயிற்று, நெற்றி காசிமின் தோளில் இடித்து அங்கேயே நின்றது. வியர்வை வாடை அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டான்.

அவுத்துடுடா, என்றான்.

காசிம் மணிக்கட்டில் பிளாஸ்திரியின் ஓரத்தைத் தேடினான். அவனே ஒட்டியதுதான், இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். நகத்தால் சுரண்டினான், மறுபடி தேடினான், புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினான். அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.